தரையில் ஓடி, வானத்தில் அணைந்த எஞ்சின்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வரும் விமானம் ரேடியோவால் இயக்கும் மாடல் விமானம், இறக்கை மேலே அமைந்த சாதாரண ட்ரெய்னர், அதாவது பறக்கப் பழகும் வகை. எஞ்சின் 46 சைஸ், அதாவது 0.46 கன அங்குலம், சுமார் 7.5 சிசி. டூ-ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின், அதாவது தீப்பொறி இல்லாமல் சூடான கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் வகை. பிஸ்டனில் ரிங் கிடையாது. குரோம் பூசிய பித்தளை லைனருக்குள் அலுமினிய பிஸ்டன் ஓடும் ஏபிசி வகை. எரிபொருள் மெத்தனால், அதில் 10 சதவீதம் நைட்ரோமீத்தேன், 20 சதவீதம் எண்ணெய். எஞ்சினோடு வந்த சைலன்சர், 11x6 ப்ரொப்பெல்லர் (விட்டம் 11 அங்குலம்; பிட்ச், அதாவது ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம், 6 அங்குலம்), ஏர்-ப்ளீட் வகை கார்புரேட்டர். சைலன்சரில் இருந்து ஒரு சிறு டியூப் டேங்குக்குப் போகும். புகையின் அழுத்தம் அந்த வழியாக டேங்கை நிரப்பி, எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளும். இந்த வகை எஞ்சின்களில் இது வழக்கமான ஏற்பாடுதான்.

இந்த அமைப்பில் எஞ்சின் ஒரு பருவம் முழுக்கத் தொந்தரவு தராமல் ஓடியது. முழு த்ராட்டிலில் உச்சம் 12,100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). அதில் இருந்து 300 குறைத்து, கொஞ்சம் ரிச்சாக, அதாவது எரிபொருள் சற்றே கூடுதலாக, 11,800-ல் நிறுத்தியிருந்தார் சொந்தக்காரர். பறக்கக் கற்று முடித்து, தனியாகப் பறக்க ஆரம்பித்திருந்தவர் அவர். கவனமானவர், ஒவ்வொரு முறையும் ஆர்பிஎம் காட்டும் டாகோமீட்டர் வைத்து அளந்து குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அந்த நல்ல பழக்கமும் பின்னால் வந்த சிக்கலில் ஒரு பங்கு வகித்தது.

பிரச்சினை சத்தத்தில் தொடங்கியது. மைதானத்தில் 7 மீட்டர் தூரத்தில் 82 டெசிபெல் என்று வரம்பு வைத்தார்கள். பிரிட்டனில் 1982-ல் வந்த நடைமுறை விதியில் உள்ள அதே அளவு. இந்த விமானம் 86 காட்டியது. அதனால் அவர் ஒரே நாளில் இரண்டை மாற்றினார். உள்ளே இரண்டு அறைகள் கொண்ட பெரிய சைலன்சர் ஒன்று, 12x6 ப்ரொப்பெல்லர் ஒன்று. சத்தம் 81-க்கு இறங்கியது. ஆனால் அன்றிலிருந்து எஞ்சின் பறக்கும்போது அணைய ஆரம்பித்தது.

கவனித்தவை

நான் கூப்பிடப்பட்டபோது விமானம் ஏற்கெனவே எஞ்சின் அணைந்து உயரமான புல்லில் இறங்கி, முன் சக்கரக் கம்பி பிய்ந்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, தரையில இவ்வளவு நல்லா ஓடுதே, மேல போனா மட்டும் ஏன் ஆஃப் ஆகுது?"

தரையில் நன்றாக ஓடியது என்பது முழு உண்மை அல்ல. ஓடவிட்டுப் பார்த்தோம். ஸ்டார்ட் ஆனது. ஐட்லிங்கில் கொஞ்ச நேரம் விட்டால் சுதி மெல்லக் கீழே இறங்கியது. த்ராட்டிலைத் திறந்தால் பொக்கென்று புகையைத் துப்பி, திணறி, அப்புறம்தான் எழுந்தது. அதாவது பிக்கப்பில் ரிச், எரிபொருள் மிகுதி. ஆனால் முழு த்ராட்டிலுக்குப் போனதும் புகை கிட்டத்தட்ட இல்லை. கூர்மையான, இழுத்துக் கட்டிய சத்தம். டாகோமீட்டர் 10,400 காட்டியது.

எரிபொருள் டியூபை விரலால் ஒரு கணம் நசுக்கிவிட்டோம். கொஞ்சம் ரிச்சாக இருக்கும் எஞ்சின் இப்படிச் செய்தால் ஒரு நொடி வேகம் கூடும், பிறகுதான் சரியும். இது ஏறவே இல்லை, நசுக்கியதும் விழுந்தது. முழு த்ராட்டிலில் உச்சத்திலோ அதையும் தாண்டி லீன் (எரிபொருள் குறைவான) பக்கத்திலோ இருந்தது என்று அர்த்தம்.

க்ளோ பிளக்கைக் கழற்றினோம். சுருள் கம்பி பளபளப்பு இழந்து, மங்கலாகி, ஒரு பக்கம் நெளிந்திருந்தது. எக்ஸாஸ்ட் துளை வழியே பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் தேன் நிறத்தில் ஒரு படலம். எண்ணெய் கருகி ஒட்டும் வார்னிஷ் அது. எஞ்சின் தேவைக்கு மேல் சூடாக ஓடியிருக்கிறது என்பதற்கு இந்த இரண்டுமே போதும்.

ஒரே எஞ்சினில் கீழே ரிச், மேலே லீன். இது எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போனோம்

அவரிடம் குறிப்பேடு இருந்தது நல்லதாகப் போயிற்று. அதை வைத்து வரிசையைக் கட்டினோம்.

புதிய சைலன்சர் மாட்டிய அன்று, பழைய நீடில் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி) நிலையில் எஞ்சின் முழு த்ராட்டிலில் லீனாக அலறியது. அவர் சரியாகவே நீடிலை அரைச் சுற்று திறந்தார். இது முக்கியமான தடயம். சைலன்சர் மாறியதும் அரைச் சுற்று கூடுதல் வேண்டியிருந்தது என்றால், டேங்குக்கு வரும் அழுத்தம் குறைந்துவிட்டது. சைலன்சரைக் கையில் எடுத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. அழுத்த நிப்பிள், அதாவது டேங்குக்குப் போகும் டியூபை மாட்டும் சிறு முனை, பின்னறையில், வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. புகை முன்னறையைத் தாண்டி, நடுத்தடுப்பைத் தாண்டி அங்கே வருவதற்குள் அழுத்தத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. பழைய சைலன்சரில் நிப்பிள் எஞ்சினுக்கு அருகில் இருந்தது.

நீடிலை அரைச் சுற்று திறந்ததால் ஐட்லிங்கும் ரிச் ஆனது. ஏர்-ப்ளீட் கார்புரேட்டரில் ஐட்லிங்குக்குத் தனியாக எரிபொருள் ஊசி கிடையாது. முன்பக்கத்தில் ஒரு சிறு காற்றுத் துளை, அதைக் குறுக்கே மறைக்கும் ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். ஐட்லிங்கிலும் எரிபொருளைக் கொடுப்பது அதே பெரிய நீடில். அதனால் மேலே திறந்தால் கீழேயும் ரிச் ஆகும். பிக்கப்பில் திணறல் அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

மைதானத்தில் ஒருவர் நல்ல மனதோடு ஆலோசனை சொன்னார்: "அந்தச் சின்ன ஸ்க்ரூவை வலது பக்கம் முறுக்குப்பா, லீன் ஆயிடும்." அவருடைய கார்புரேட்டர் இரட்டை நீடில் வகை. அதில் அது சரி, ஸ்க்ரூ உள்ளே போனால் எரிபொருள் குறையும். ஏர்-ப்ளீடில் நேர் எதிர். ஸ்க்ரூ உள்ளே போனால் காற்றுத் துளை மூடும், கலவை இன்னும் ரிச் ஆகும். இவர் முறுக்க முறுக்கப் புகை கூடியது. புதியவர்கள் எத்தனையோ பேர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டரின் முன்பக்கத்தில் வெறும் துளை தெரிந்தால் அது ஏர்-ப்ளீட். இதை யாராவது ஒரு தடவை காட்டிவிட்டால் போதும்.

பிக்கப்பில் இவ்வளவு புகையைப் பார்த்தவருக்கு எஞ்சின் மொத்தமாகவே ரிச் என்று தோன்றியது. அதோடு டாகோமீட்டர் 11,800 காட்டவில்லை. குறிப்பேட்டில் 11,800 என்று எழுதியிருக்கிறதே! அதனால் அந்த எண்ணைத் தேடிப் பெரிய நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். 10,400-க்கு மேல் ஏறவில்லை. ஏறுகிற வரை மூடிப் பார்த்து, அங்கேயே நிறுத்திவிட்டார்.

அந்த எஞ்சின் 12x6 ப்ரொப்பெல்லரோடு 11,800-ஐ எட்டவே முடியாது. ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி, தோராயமாகச் சொன்னால், விட்டத்தின் நான்காம் அடுக்கு, பிட்ச், ஆர்பிஎம்மின் மூன்றாம் அடுக்கு, இவை மூன்றின் பெருக்கத்தைப் பொறுத்து மாறும். 11x6-ல் இருந்து 12x6-க்குப் போனால் ஒரு அங்குலம்தானே கூடுகிறது என்று நினைப்போம். அதே வேகத்தில் சுற்ற 42 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். எஞ்சினின் சக்தி மாறாது என்று வைத்துக்கொண்டால் 12,100 உச்சம் 10,700 பக்கம் இறங்கியே தீரும். சைலன்சர் கொஞ்சம் அடைப்பு, எஞ்சின் வேறு சூடு, 10,400-ல் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆர்பிஎம் குறைந்தது பாரத்தால். நீடிலால் அதைத் திரும்பப் பெற முடியாது.

வானத்தில் அணைந்தது ஏன்

தரையில் உச்சத்தில் நிறுத்திய எஞ்சினுக்குப் பறக்கும்போது கையிருப்பு எதுவும் இல்லை. வேகம் எடுத்ததும் ப்ரொப்பெல்லரின் பாரம் குறையும், எஞ்சின் வேகம் கூடும், கலவை இன்னும் லீன் பக்கம் போகும். க்ளோ எஞ்சினில் தீப்பொறி நேரத்தை நாம் அமைப்பதில்லை. பிளக்கின் பிளாட்டினம் சுருளில் மெத்தனால் எரியத் தொடங்கும் கணத்தை வெப்பம், அழுத்தம், கலவை மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. லீன் ஆனால் சூடு ஏறும், சூடு ஏறினால் முன்கூட்டியே பற்றும், முன்கூட்டியே பற்றினால் இன்னும் சூடு. பெரிய ப்ரொப்பெல்லரின் பாரம் இதற்கு மேலும் எண்ணெய் ஊற்றியது.

இதோடு மூக்கைத் தூக்கி ஏறும்போது டேங்க் எஞ்சினுக்குக் கீழே போய்விடுகிறது. டேங்க் பாதிக்கு மேல் காலியானதும் மிச்ச எரிபொருள் டேங்கின் பின்புறத்தில் நிற்கும். அங்கிருந்து கார்புரேட்டர் வரை ஏறக்குறைய ஒரு சாண் உயரம் மேலே போக வேண்டும். பழைய சைலன்சரின் அழுத்தம் அதைத் தள்ளியது, புதியது தள்ளவில்லை. அதனால்தான் டேங்க் நிறைந்திருந்த முதல் ஓரிரு நிமிடங்கள் ஒழுங்காகப் பறந்து, அதற்குப் பிறகு ஏறும்போது அணைந்தது. அவருடைய தரைச் சோதனை எல்லாமே முழு டேங்கில், விமானம் மட்டமாக இருக்கும்போது நடந்தவை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, நீடிலைத் தொடாமல் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோவது. பழைய சைலன்சர், 11x6, ஐட்லிங் ஸ்க்ரூவின் முனை காற்றுத் துளையின் பாதியை மறைக்கும் நிலை, புது பிளக். அவருக்கு இதில் தயக்கம் இருந்தது. சத்தத்தைக் குறைக்கத்தானே இவ்வளவும் செய்தேன் என்றார். நியாயம்தான். ஆனால் நான்கு விஷயங்கள் ஒன்றாக மாறிய எஞ்சினில் எது எதைக் கெடுத்தது என்று அறிய, தெரிந்த ஒரு நிலைக்குத் திரும்புவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

காற்றுக் கசிவு இருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்தோம். கார்புரேட்டர் கழுத்தில் உள்ள ஓ-ரிங், பின்மூடியின் கேஸ்கெட், நீடிலின் ரப்பர் வளையம் எல்லாம் சரி. டேங்கை வெளியே எடுத்து, தண்ணீரில் அமுக்கி, டியூப் வழியாக ஊதிப் பார்த்தோம், குமிழி வரவில்லை. உள்ளே கிளங்கை (எரிபொருள் இருக்கும் பக்கம் டியூபை இழுத்துச் செல்லும் சிறு எடைக்கட்டி) தாங்கும் டியூபிலும் ஓட்டை இல்லை. இந்தச் சோதனையை விட்டுவிட்டு ட்யூனிங்கில் இறங்கக் கூடாது. கசிவுள்ள எஞ்சினுக்கு எந்த நீடில் நிலையும் நிலைக்காது.

பழைய அமைப்பில் எஞ்சின் 11,800-க்குத் திரும்பியது. அப்புறம் டேங்கில் கால் பங்கு மட்டும் விட்டு, ஒருவர் விமானத்தை உறுதியாகப் பிடித்து மூக்கை நேர் மேலே தூக்க, முழு த்ராட்டில் கொடுத்தோம். எல்லோரும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால். அதன் சுழல் தளத்தின் நேரே யாரும் நிற்கக் கூடாது, நீடிலைத் தொடுபவரும் பின்னாலிருந்துதான் கை நீட்ட வேண்டும். எஞ்சின் அணையவில்லை. ஆனால் சுதி கொஞ்சம் தொய்ந்தது. ஒழுங்கான ட்யூனிங்கில் மூக்கைத் தூக்கினால் வேகம் ஒரு துளி ஏற வேண்டும், தொய்யக் கூடாது.

இது எதிர்பாராத தகவல். எல்லாம் நன்றாக ஓடிய காலத்திலேயே விமானத்தில் ஒரு குறை இருந்திருக்கிறது. டேங்க் அறையைத் திறந்து பார்த்தோம். ரிசீவர் பேட்டரியை ஃபயர்வாலுக்கும் (எஞ்சினைத் தாங்கும் முன்சுவர்) டேங்குக்கும் நடுவில் செருகியிருந்தார்கள், மூக்குக்கு எடை சேர்ப்பதற்காக. அதனால் டேங்க் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. அடியில் இருந்த ஸ்பான்ஜும் நசுங்கி, டேங்கின் நடுக்கோடு நீடிலுக்கு 2 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. நடுக்கோடு நீடில் மட்டத்திலோ, 5 முதல் 10 மில்லிமீட்டர் கீழேயோ இருப்பது நல்லது. பழைய சைலன்சரின் தாராளமான அழுத்தம் இந்தக் குறையை இவ்வளவு நாளும் மூடி வைத்திருந்தது.

இரண்டாவது முடிவு அதைச் சரிசெய்வது. பேட்டரியை டேங்குக்குப் பின்னால் மாற்றி, டேங்கை முன்னால் தள்ளி, புது ஸ்பான்ஜ் வைத்து உயர்த்தினோம். பேட்டரி பின்னால் போனதும் எடை மையமும் பின்னால் போனது. பெரிய சைலன்சர் பழையதைவிடக் கனம் என்பதால், அதை மாட்டியதும் எடை மையம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஈயம் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, புதிய சைலன்சரை விட்டுவிடாமல் அதன் நிப்பிளை முன்னறைக்கு மாற்றுவது. முன்னறையில் துளையிட்டு, மரை வெட்டி, நிப்பிளைப் பொருத்தினோம். பழைய துளையை ஸ்க்ரூ போட்டு அடைத்தோம். துளையிட்ட சைலன்சரை எஞ்சினில் மாட்டுவதற்கு முன் நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு அலுமினியத் தூள் அழுத்த டியூப் வழியாக டேங்குக்குப் போய், அங்கிருந்து நீடிலில் சிக்கினால் மறுபடி முதலில் இருந்து தேட வேண்டி வரும். மாற்றிய பிறகு, பழைய சைலன்சரின் நீடில் நிலைக்கும் இதற்கும் வித்தியாசம் அரைச் சுற்றில் இருந்து ஓரிரு கிளிக்காகக் குறைந்தது.

கடைசியாக ப்ரொப்பெல்லர். இதில்தான் நிறையப் பேசினோம். சத்தத்துக்கு ப்ரொப்பெல்லர் முனையின் வேகம் ஒரு பெரிய காரணம். 11x6, 11,800-ல் முனை வேகம் நொடிக்கு சுமார் 173 மீட்டர். 12x6, 10,400-ல் 166. ஆர்பிஎம் 1,400 குறைந்தும் முனை வேகம் 7 மீட்டர்தான் குறைந்தது, விட்டம் கூடியது அந்த லாபத்தைத் தின்றுவிட்டது. அதற்கு விலையாக எஞ்சின் மேல் பெரும் பாரம். விட்டத்தை 11-லேயே வைத்து பிட்ச்சை மட்டும் ஏற்றி 11x7 போட்டால் பாரம் 17 சதவீதம்தான் கூடும். 11,000-ல் முனை வேகம் 161. எஞ்சினுக்கும் இதம், சத்தமும் குறையும் என்று எதிர்பார்த்தோம். அதனால் 11x7-ஐத் தேர்ந்தெடுத்தோம். பிட்ச் கூடியதால் விமானம் வேகமாகும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. பிட்ச் வேகக் கணக்கில் 12x6 மணிக்கு 95 கிலோமீட்டர், 11x6 108, 11x7 117. அவர் அதைக் கையாளும் நிலைக்கு வந்திருந்தார். அன்றுதான் முதல்முறை தனியாகப் பறக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லாம் மாட்டிய பிறகுதான் நீடில். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, முதலில் முழு த்ராட்டில். உச்சம் 11,300, அதில் இருந்து ரிச் பக்கம் திறந்து 11,000. பிறகு ஐட்லிங். 2,500 பக்கம் வைத்து டியூபை நசுக்கினால், சில நொடி கழித்துக் கொஞ்சம் வேகம் ஏறி அப்புறம் அணைய வேண்டும். உடனே அணைந்தால் லீன், வெகுநேரம் ஏறிக்கொண்டே போனால் ரிச். ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் முழு த்ராட்டில் கொடுத்து எஞ்சினுக்குள் தேங்கிய எரிபொருளை வெளியேற்றிவிட்டு மறுபடி பார்த்தோம். கடைசியில், கால் டேங்கில் மூக்கைத் தூக்கிப் பார்த்தோம். சுதி ஒரு துளி ஏறியது, தொய்யவில்லை.

விளைவு

அதன் பிறகு இந்த எஞ்சின் பறக்கும்போது அணையவில்லை. டேங்க் தீரும் வரை செங்குத்தாக ஏற்றிப் பார்த்தும் சத்தம் மாறவில்லை, பின்னால் மெல்லிய வெள்ளைப் புகைக் கோடு தொடர்ந்து வந்தது. முழு த்ராட்டிலில் அந்தக் கோடு தெரிகிறவரை எண்ணெய் போய்ச் சேர்கிறது என்று நம்பலாம்.

லீனாக ஓடியதில் எஞ்சினுக்குச் சேதம் எவ்வளவு என்பது எங்களுக்குக் கவலையாக இருந்தது. ஏபிசி லைனர் மேலே செல்லச் செல்லக் குறுகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியில் இறுகப் பிடிக்க வேண்டும். கையால் சுற்றிப் பார்த்தபோது அந்தப் பிடிப்பு போகவில்லை. வார்னிஷ் படலத்தை நாங்கள் சுரண்டவில்லை, பிஸ்டனைக் கீறுவதைவிட அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

சத்தம் 82-ல் நின்றது. வரம்புக்குள்தான், ஆனால் விளிம்பில். ஐட்லிங்கில் 12 அங்குல ப்ரொப்பெல்லர் கொடுத்த பிரேக் இப்போது இல்லை. விமானம் தரையிறங்கும்போது மிதந்துகொண்டே போனதால், அவர் முன்பைவிட நீளமான இறங்கு பாதையைப் பழக வேண்டியிருந்தது.

இனி மாற்றிச் செய்வது

சைலன்சரையும் ப்ரொப்பெல்லரையும் ஒரே நாளில் மாற்றுவதை எங்கள் குழுவில் இப்போது யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சைலன்சரை மாற்றினால், பழைய ப்ரொப்பெல்லரோடு அதை ஓட்டி, நீடில் எவ்வளவு திறக்க வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறோம். கால் சுற்றுக்கு மேல் போனால் நிப்பிள் எங்கே இருக்கிறது என்பதை முதலில் ஆராய்கிறோம்.

குறிப்பேட்டில் ஆர்பிஎம்மைத் தனியாக எழுதுவதில்லை. அதன் பக்கத்தில் ப்ரொப்பெல்லர் அளவு, சைலன்சர் எது, நீடில் எத்தனை சுற்று, உச்சத்தில் இருந்து எவ்வளவு இறக்கியது, எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் மாறினால் பழைய எண்ணின் மேல் கோடு போட்டுவிட வேண்டும். இந்த நிகழ்வில் அவரை வழிதவற வைத்தது ஒரு சரியான அளவீடுதான், அது வேறொரு ப்ரொப்பெல்லரின் அளவீடு.

கால் டேங்கில் மூக்கைத் தூக்கும் சோதனை புது விமானம் ஒவ்வொன்றுக்கும் முதல் பறப்புக்கு முன்பே நடக்கிறது. இந்த விமானத்துக்கும் தொடக்கத்திலேயே அதைச் செய்திருந்தால் டேங்க் இருந்த இடம் அன்றே தெரிந்திருக்கும். சத்தத்தை இன்னும் இறக்க வேண்டி வந்தால் அடுத்ததாக 11 அங்குல மூன்று இதழ் ப்ரொப்பெல்லர் ஒன்றை, வேறு எதையும் மாற்றாமல், முயன்று பார்ப்பதாக இருக்கிறோம்.